ஒலீட்டாவின் அட்டையில் வண்ணத்துப்பூச்சி

விட்லாக் முனையில் வனிலா எசன்ஸ் வாங்குவது லேசான காரியம் இல்லை. செசபீக் விரிகுடாவின் ஓரத்தில், சதுப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த மெதடிஸ்ட் கிறிஸ்தவ ஊரில் சாராயக் கடை கிடையாது, பீர் கிடையாது. கல்யாண விருந்தில்கூட எலுமிச்சைச் சாறுதான். ஆகவே ஊரின் கற்பனைக்கு எட்டிய ஒரே போதை, கேக்கில் ஊற்றுகிற வனிலா. அதில் சாராயம் கலந்திருக்கிறது என்பது ஞாயிறு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் தெரியும். ஒருத்தி ஒரே மாதத்தில் இரண்டாவது பாட்டில் கேட்டால், கடைக்காரர் கல்லாவில் கையை வைத்துக்கொண்டு, "யாருக்குப் பிறந்தநாள்?" என்பார். பதில் தடுமாறினால் போதும். பொழுது சாய்வதற்குள் அவள் பெயர் ஜெபக் கூட்டத்துக்குப் போய்விடும்.

ஒலீட்டா மார்ஷலின் பெயர் அங்கே போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. இன்னும் திரும்பி வரவில்லை.

குடிகாரி என்றாலும் அவளைக் குறைத்துப் பேச யாருக்கும் வாய் வராத இடம் ஒன்று உண்டு. கேப்டன் லெம் விங்கேட்டின் நண்டுக் கொட்டகை. அவித்த நண்டுகள் மலைபோலக் குவிந்திருக்கும் நீண்ட மேசையில், இடது கையில் குட்டைக் கத்தியைப் பிடித்து ஒலீட்டா உட்கார்ந்தால், ஓடு ஒரு பக்கம், சதை ஒரு பக்கம் என்று பறக்கும். முதுகுச் சதை ஒரு இழைகூட உடையாமல் முழுக்கட்டியாக வரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஐடெல் க்ராக்கெட் ஒரு டப்பா நிரப்புவதற்குள் ஒலீட்டா இரண்டை மூடி நகர்த்தியிருப்பாள். ஐடெலுக்கு அதில் வருத்தம் இல்லை. அவளுடைய வாய் நிரப்பும் டப்பாக்களுக்குக் கணக்கே கிடையாது.

குடிக் கதையை முதலில் ஊருக்குக் கொடுத்தது ஐடெலின் மூக்குதான். ஏழு வருடத்துக்கு முந்தைய அறுவடை விருந்தில் அது நடந்தது. ஒலீட்டா தன் கையால் சுட்ட பத்தடுக்குக் கேக்கைத் தட்டில் ஏந்திக்கொண்டு சபைக் கூடத்துக்குள் வந்தாள். வலது கால் லேசாக இழுத்தது. கேக் சரிந்தது. போதகரின் மனைவி ஓடிவந்து, "என்ன ஆச்சு கண்ணு?" என்றார். ஒலீட்டா, "அது... அது வந்து... அந்த..." என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. முகம் சிவந்து, கண் அலைந்து, உதடு மட்டும் அசைந்தது. அவளுடைய ஏப்ரனிலிருந்து வனிலா வாசனை குப்பென்று அடித்தது. கேக் சுட்டவள்மேல் வனிலா வாசனை அடிக்காமல் மண்ணெண்ணெயா அடிக்கும்? ஆனால் ஐடெல் அப்படியெல்லாம் யோசிக்கிறவள் அல்ல. "ஐயோ, ஒலீட்டாவா!" என்று நெஞ்சில் கைவைத்தாள். வேலை முடிந்தது.

உண்மை ஒலீட்டாவுக்கும் அவள் கணவன் ஹார்லனுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த வசந்தத்தில் நார்ஃபோக்கில் இருக்கும் தங்கைக்கு முழங்கால் அறுவை என்று சொல்லிவிட்டுப் போனவள், அங்கே ஒரு காலையில் காபிக் கோப்பையோடு தரையில் விழுந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் தப்பியது. கை திரும்பியது. கால் முக்கால்வாசி திரும்பியது. வார்த்தைகள்தான் முழுதாகத் திரும்பவில்லை. வீட்டில், நிதானமாக, ஹார்லனோடு பேசினால் மெதுவாக வரும். யாராவது அவசரப்படுத்தினால், குரலை உயர்த்தினால், கூட்டமாகச் சூழ்ந்தால், உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கும், வெளியே கதவு பூட்டிக்கொள்ளும். வண்டி ஓட்டலாமா என்று டாக்டர்கள் உட்காரவைத்து, ஓட்டவைத்து, எல்லாம் சோதித்தார்கள். "தாராளமா ஓட்டுங்க. உங்க கண்ணு, கை, புத்தி எல்லாம் சரியா இருக்கு. பேச்சுதான் லேட்டாகும்" என்று எழுதியும் கொடுத்தார்கள்.

இதை ஊரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம் என்றுதான் ஊர் திரும்பினாள். ஆனால் அதே வாரம்தான் கொட்டகையில் கூட வேலை பார்த்த ஆர்லா டல்லுக்கு நண்டு மேசையில் வலிப்பு வந்தது. நல்ல வேலைக்காரி, வாயைத் திறந்தால் மிளகாய். தண்ணீர் தெளித்து எழுப்பி உட்காரவைத்த கேப்டன் லெம், மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார். "என் மனசு ஒத்துக்குது ஆர்லா, இன்ஷூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான்" என்றாராம். அதே கேப்டன் லெம்தான், படகில் தூங்கி விழுகிற குடிகாரன் டூயியை வருடா வருடம் துரத்திவிட்டு, வருடா வருடம் அவன் சபையில் அழுது சாட்சி சொன்னதும் கட்டிப்பிடித்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறவர். பாவத்துக்கு மன்னிப்பு உண்டு. வியாதிக்குத்தான் இன்ஷூரன்ஸ் இல்லை.

"நீ குடிக்கிறேன்னு ஊரெல்லாம் பேச்சு," என்று அறுவடை விருந்துக்கு மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டில் ஹார்லன் கொதித்தான். "நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

ஒலீட்டா மறுத்துத் தலையாட்டினாள். வார்த்தையைத் தேடிப் பிடித்தாள். "வேணாம். குடிகாரிக்கு... மேசையில... இடம் இருக்கு."

ஹார்லன் கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு சிரித்துவிட்டான். "சரி. ஆனா ஒரு நல்ல பிராண்டாவது சொல்லிட்டுக் குடிச்சிருக்கலாம்."

அப்படித்தான் ஏழு வருடம் ஓடியது. வனிலாவை அவள் சாலிஸ்பரி டவுனுக்குப் போய் வாங்கிக்கொண்டாள். சபைப் பெண்கள் மதுவின் தீமையைப் பற்றிய துண்டுத் தாள்களை அவள் வீட்டுக் கதவிடுக்கில் செருகினார்கள். அவள் அவற்றை மீன் சுத்தம் செய்யப் பயன்படுத்தினாள். நல்ல தடித்த தாள்.

இந்த வருடம் வந்துதான் எல்லாம் தடம் புரண்டது. கொட்டகைப் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு, மாலையில் இறக்கிவிடும் வேனை ஒலீட்டாதான் ஓட்டினாள். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. பேச்சு சுருங்கிப்போன பிறகு அவளுக்கு அகலமாக மிச்சமிருந்தது அந்தச் சதுப்புச் சாலை ஒன்றுதான். பனிமூட்டமோ, சாலைமேல் ஏறிவரும் அலைநீரோ, ஒலீட்டா வேனை எடுத்தால் பெண்கள் பின்னால் நிம்மதியாகத் தூங்குவார்கள். குடிகாரி ஓட்டும் வண்டியில் எப்படித் தூங்கினார்கள் என்று கேட்காதீர்கள். "அவ காலையில குடிக்கிறதில்லடி" என்று ஐடெல் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள்.

ஒரு சாயங்காலம், எல்லோரையும் இறக்கிவிட்டுக் காலி வேனோடு திரும்பும்போது, முன்விளக்கு ஒன்று அணைந்திருந்ததற்காகப் போலீஸ் வண்டி நிறுத்தியது. வந்தவன் புதுப் பையன். டார்ச்சை முகத்தில் அடித்தான். "லைசென்ஸ்? எங்கேருந்து வர்றீங்க? எவ்வளவு குடிச்சீங்க? கேக்குறது காதுல விழுதா?" கேள்விமேல் கேள்வி. ஒலீட்டாவுக்கு உள்ளே பதில் வரிசையாக நின்றது. கதவு திறக்கவில்லை. இறங்கச் சொன்னான். இறங்கினாள், வலது கால் இழுத்தது. ஊதச் சொன்னான். ஊதினாள். கருவி பூஜ்யம் காட்டியது. "அப்போ போதை மாத்திரை" என்று முடிவு கட்டி, அவளைப் போலீஸ் வண்டியின் பின் இருக்கையில் ஏற்றினான். ஹார்லன் போய், டாக்டர் கடிதத்தை மேசைமேல் போட்டு, அவளை வீட்டுக்குக் கூட்டிவரும்போது விடிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. ஆனால் விட்லாக் முனைக்கு ரத்தப் பரிசோதனை எதற்கு? பூட்டுப் போட்ட வேன் சாலையோரம் நின்றதை ஊரே பார்த்திருந்தது.

கேப்டன் லெம் சாவியை வாங்கிக்கொண்டார். "மேசையில உட்காரு ஒலீட்டா, அதை நான் தடுக்கல. ஆனா வேன்ல என் பொம்பளைங்க உயிர் இருக்கு. நீ மனந்திரும்பி, சபையில எந்திரிச்சு, விட்டுட்டேன்னு சாட்சி சொல்லு. அன்னிக்கே சாவி உன் கையில." பிறகு வேனை ஓட்டியவர் அவருடைய மருமகன். முதல் வாரமே இரண்டு முறை சதுப்பில் இறக்கினார். ஐடெலின் சாப்பாட்டுப் பெட்டி தண்ணீரில் போனது அப்போதுதான்.

ஒலீட்டாவுக்கு இரண்டு பக்கமும் இடி. குடிகாரி என்றால் வேன் இல்லை. வியாதிக்காரி என்று சொன்னால் ஆர்லாவின் கதி. இதற்கு நடுவே, இன்னொரு முறை அதே பையன் நிறுத்தினால் என்ன ஆகும் என்ற பயத்தில், கடைக்குப் போகக்கூட அவள் வண்டியை எடுக்காமல் இருந்தாள்.

தீயணைப்புக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை ஹார்லன்தான் படித்துவிட்டு வந்தான். ஊர் ஊராகப் போய் லைசென்ஸ் போட்டுத்தரும் ஆபீஸ் பஸ் இங்கேயும் வருகிறதாம்.

"ஒலீ, லைசென்ஸ்ல ஒரு வண்ணத்துப்பூச்சி போட்டுத் தர்றாங்களாம். வெளிய தெரியாத குறை இருக்குறவங்க கேட்டா போடுவாங்க. போலீஸ்காரன் அட்டையப் பார்த்தாலே, சரி, இவங்களுக்கு ஏதோ சிரமம் இருக்கு, கொஞ்சம் பொறுப்போம்னு தெரிஞ்சுக்குவான்."

ஒலீட்டா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "பஸ்... ஊர் நடுவுல... நிக்கும்."

"நிக்கும்."

"ஐடெல்."

"அவ பஸ்ஸுக்கு முன்னாடியே வந்து நிப்பா."

அப்படியேதான் ஆனது. தீயணைப்புக் கூடத்து முற்றத்தில் பஸ் வந்து நின்றபோது, லைசென்ஸே இல்லாதவர்கள்கூட மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஒலீட்டாவுக்குச் சரியாகப் பின்னால் ஐடெல். அவளுடைய லைசென்ஸுக்கு இன்னும் மூன்று வருடம் ஆயுள் இருந்தது. "போட்டோ பிடிக்கல, மாத்தணும்" என்றாள் யாரும் கேட்காமலே.

பஸ்ஸுக்குள் கணினிக்கு முன்னால் சாலிஸ்பரிப் பெண் ஒருத்தி, நீளமான நகங்களோடு, அலுப்பில்லாத முகத்தோடு இருந்தாள். "சொல்லுங்கம்மா, என்ன செய்யணும்?"

ஒலீட்டா வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் ஐடெலின் மூச்சு கழுத்தில் படுகிறது. படிக்கட்டில் நான்கு தலைகள். வாயின் கதவு பூட்டிக்கொண்டது.

"உறுப்பு தானமா? அதுக்கு அட்டையில இதயப் படம் போடுவாங்க," என்று ஐடெல் பின்னாலிருந்து உதவினாள். "எனக்கும் அது இருக்கு. ஒலீட்டாவோட ஈரலை எடுப்பாங்களான்னுதான் சந்தேகம்."

படிக்கட்டில் சிரிப்பு. அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஐடெலைப் பார்க்கவும் இல்லை. கையைக் கோத்து மேசைமேல் வைத்துக்கொண்டு ஒலீட்டாவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள், யாரோ காபி கொண்டுவரப் போயிருக்கிற மாதிரி. தலை சாய்க்கவில்லை, பாவம் என்ற முகம் காட்டவில்லை, வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. இப்படி ஒரு மனிதப்பிறவி சும்மா காத்திருந்து பார்த்து ஒலீட்டாவுக்கு வருடக்கணக்காகியிருந்தது. ஹார்லனைத் தவிர. பூட்டு மெல்ல நெகிழ்ந்தது.

"பூச்சி," என்றாள் ஒலீட்டா.

"போட்டுடலாம்." அந்தப் பெண் விசையைத் தட்டினாள். காரணம் கேட்கவில்லை. திரையில் சின்னதாக ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது.

ஐடெல் அதைப் பார்த்தாள். அவளுடைய மூளை அரை நொடியில் அங்கிருந்து ஈஸ்டருக்குப் பறந்தது. போதகர் கிளெம்சன் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அதே பிரசங்கத்தைத்தான் செய்வார். கம்பளிப்புழு பழைய மனுஷன், கூடு கல்லறை, வண்ணத்துப்பூச்சி புதுப்பிறப்பு. குடித்தவள், போலீஸில் மாட்டினவள், இப்போது லைசென்ஸில் வண்ணத்துப்பூச்சி கேட்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"திருந்தினவங்களுக்கு அரசாங்கமே பட்டாம்பூச்சி குடுக்குதுடி!" என்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அறிவித்தாள். போட்டோ எடுக்கவும் மறந்துபோனாள்.

அட்டை தபாலில் வந்துசேரச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் ஒலீட்டா ஊரின் செல்லப்பிள்ளை. கடைக்காரர் தானாகவே ஒரு வனிலா பாட்டிலை எடுத்து நீட்டி, "உன்மேல நம்பிக்கை இருக்கும்மா" என்றார், கண்கலங்க. தபால் ஆபீஸில் ஐடெலின் நாத்தனார் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருக்கு, இறக்கையெல்லாம் தெரியுது" என்று உறுதி சொன்னாள். உடனே அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு ஆரம்பமானது. நம்ம சபையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். வழக்கமாக அது படகுக் கேப்டன்களின் முதுகுவலியும் புயலில் தப்பித்த கதைகளும்தான். இப்போது ஏழு வருட ஜெபத்துக்கு மகசூல் வரப்போகிறது. வழிதவறிப் போய் மனந்திரும்பி வந்த கெட்ட குமாரன் உவமையைப் போதகர் தூசிதட்டி எடுத்தார். பெண்கள் கேக் சுட்டார்கள்.

சனிக்கிழமை கேப்டன் லெம் மேசைக்கே வந்தார். "நாளைக்குச் சாட்சி சொல்லப்போறியாம். ரொம்ப சந்தோஷம். நீட்டி முழக்க வேணாம். விட்டுட்டேன்னு சொல்லு, போதும். சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கும்."

"சொல்லிடு புண்ணியவதி," என்றாள் ஐடெல். "உங்க மருமகன் ஓட்டுற ஓட்டுல எனக்கு இடுப்பே இல்ல கேப்டன்."

அன்று மாலை ஹார்லன் வலையைத் தைத்துக்கொண்டே சொன்னான். "யோசிச்சுப் பார்த்தா மோசமில்ல ஒலீ. ஒரே வார்த்தை. விட்டுட்டேன். உனக்குன்னே அளவெடுத்த மாதிரி சாட்சி. வேன் கிடைக்கும், மேசை கிடைக்கும், கேக்கும் கிடைக்கும்."

ஒலீட்டா அட்டையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதை... விட்டேன்?"

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்."

"அடுத்த தடவை... வாய் பூட்டினா?"

ஹார்லனின் ஊசி நின்றது. வேன் நிறையப் பெண்கள், சாலையில் போலீஸ், ஒலீட்டாவுக்குப் பேச்சு வரவில்லை. மறுபடி குடியில விழுந்துட்டா என்பார்கள். ஊரே போலீஸுக்குச் சாட்சி சொல்லும். பூச்சிக்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் இருப்பவனுக்கே தெரியாவிட்டால் பூச்சி எதற்கு?

"உண்மையச் சொன்னா லெம் உன்னையும் அனுப்பிடுவார்," என்றான். அவன் குரலில் விளையாட்டு இல்லை. "ஆர்லாவை அனுப்பினாரே."

"ஆமா," என்றாள் ஒலீட்டா. அட்டையைக் கைப்பையில் வைத்து மூடினாள். "ஆர்லா... பொய் சொல்லல," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் நிற்க இடமில்லை. ஈஸ்டருக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஆர்லா டல் கடைசி வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். முதுகுவலிக் கேப்டன்கள் அன்றைக்கு நாகரிகமாக வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒலீட்டா எழுந்தாள்.

"ஆமென்!" என்றது முன்வரிசை.

அவள் வாயைத் திறந்தாள். "நான்..."

"ஸ்தோத்திரம்! சொல்லும்மா!"

தொண்டைக்கு வந்த வார்த்தை விழுந்தது. மறுபடி தூக்கினாள். "நான் வந்து..."

"அல்லேலூயா! ஆவியானவர் பேசட்டும்!" போதகர் கிளெம்சனே எழுந்து கையை உயர்த்திவிட்டார். ஐடெல் கைக்குட்டையை எடுத்தாள். ஒவ்வொரு ஆமெனும் ஒரு வார்த்தையைத் தட்டிவிட்டது. உற்சாகப்படுத்தியே ஒரு பெண்ணை ஊமையாக்க முடியும் என்பதை அந்தச் சபை அன்று நிரூபித்துக்கொண்டிருந்தது. ஒலீட்டாவின் முகம் சிவந்தது. கண் அலைந்தது. எல்லோருக்கும் பழகின கண். பழகின சிவப்பு. நடுவரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம், "குடிச்சிட்டா வந்திருக்கா?" என்று கிசுகிசுத்தாள்.

ஒலீட்டாவுக்கு அது கேட்டது. அவள் உட்கார்ந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். அவள் கைப்பையைத் திறந்து, அட்டையை எடுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். மற்றக் கையை, போக்குவரத்தை நிறுத்துகிறவளைப்போல, சபையை நோக்கி விரித்துக் காட்டினாள்.

சத்தம் அடங்கியது. போதகர் மெல்ல உட்கார்ந்தார்.

பிறகு அவள் நின்றாள். அவ்வளவுதான், நின்றாள். வெளியே படகுத் துறையில் கயிறு உராயும் சத்தம் கேட்டது. மெதடிஸ்ட்டுகளுக்கு மௌனம் பழக்கமில்லை. யாரோ இருமினார்கள், யாரோ பாட்டுப் புத்தகத்தைத் திருப்பினார்கள். ஒலீட்டா அசையவில்லை. அந்த நீண்ட மௌனத்தின் நடுவில், அத்தனை கண்களுக்கும் முன்னால், அவள் உள்ளே போய் ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள், ஓட்டிலிருந்து சதையை உடையாமல் எடுப்பதுபோல.

"நான்... ஒரு சொட்டும்... குடிச்சதில்ல."

ஐடெலின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது.

"பக்கவாதம். ஏழு வருஷமா. வார்த்தை... சிக்கிக்கும். அவசரப்படுத்தினா... வராது." அட்டையை இறக்கி, விரலால் தொட்டுக் காட்டினாள். "இது... திருந்தினதுக்கு இல்ல. காத்திருங்கன்னு... அர்த்தம்." மூச்சு வாங்கினாள். "பொய்... நான் சொல்லல. ஆனா... நீங்க சொன்னத... மறுக்கல. வேலைக்குப் பயந்து. அவ்வளவுதான்."

உட்கார்ந்தாள்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. எங்கே சொல்வது என்று தெரியவில்லை. கெட்ட குமாரன் பிரசங்கத்தைப் போதகர் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு சொட்டுகூடவா?" என்றது ஒரு குரல். ஐடெல்தான். அவள் முகத்தில் இருந்ததை ஏமாற்றம் என்றுதான் சொல்லவேண்டும். "ஏழு வருஷமா முட்டி தேய ஜெபம் பண்ணினேனேடி!"

கடைசி வரிசையிலிருந்து ஆர்லா டல் சிரித்தாள். வாய்விட்டு, நெடுநாள் அடக்கிவைத்த சிரிப்பு. அது தொற்றியது. ஹார்லன் சிரித்தான். முதுகுவலிக் கேப்டன்கள் தோள் குலுங்கினார்கள். ஐடெலும் கைக்குட்டைக்குள் சிரித்து, அப்படியே அழத் தொடங்கிவிட்டாள். இரண்டுக்கும் நடுவே அவளுக்கு எப்போதும் பெரிய இடைவெளி கிடையாது.

கேப்டன் லெம் மட்டும் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் ஒலீட்டாவை நிறுத்தினார். கூட்டம் தள்ளி நிற்பதுபோல நெருங்கி நின்றது.

"ஒலீட்டா, நீ தைரியசாலி. நான் மறுக்கல. ஆனா இன்ஷூரன்ஸ்னு ஒண்ணு இருக்கு பாரு."

ஒலீட்டா அவரைப் பார்த்தாள்.

"டாக்டர் ஒத்துக்கிட்டதா ஹார்லன் சொன்னான். அது சரி. அரசாங்கமும் லைசென்ஸ் குடுத்திருக்கு. அதுவும் சரி. ஆனாலும்..."

ஒலீட்டா காத்திருந்தாள். பஸ்ஸில் அந்தப் பெண் காத்திருந்தாளே, அதே மாதிரி. அவசரப்படாமல், பாவம் பார்க்காமல், வார்த்தை எடுத்துக் கொடுக்காமல். கேப்டன் லெம்முக்காக இதுவரை யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை. அவர் பேசினால் எல்லோரும் முடித்துவைத்துத்தான் பழக்கம். "ஆனாலும்" என்றார் மறுபடி. அதற்குப் பின்னால் வருவதற்கு ஒன்றுமே இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. சட்டைப் பையில் கைவிட்டார். சாவி வந்தது.

ஒலீட்டா வாங்கிக்கொண்டாள். நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"ஆர்லா," என்றாள்.

"அது வேற விஷயம்மா. அங்கே கத்தி இருக்கு, கொதிக்கிற அண்டா இருக்கு..."

ஒலீட்டா காத்திருந்தாள்.

"...எடை போடுற பக்கம் கத்தி இல்ல," என்றார் கேப்டன் லெம், யாரோ தன் வாயைப் பிடுங்கிப் பேசவைத்ததுபோல. "அங்கே வேணும்னா..."

"வேணும்னாவா?" ஆர்லா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "கேக்குறதுன்னா ஒழுங்காக் கேளுங்க கேப்டன். ஏழு வருஷம் கழிச்சு வேணும்னாவாம்."

அவர் ஒழுங்காகக் கேட்டார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார் என்று ஐடெல் சொல்கிறாள். மற்றவர்கள் தொப்பி அவர் தலையிலேயே இருந்தது என்கிறார்கள். எப்படியோ, ஆர்லா அவரை இரண்டு நாள் காக்கவைத்துவிட்டு வந்தாள். எடைப் பக்கம் இப்போது ஒரு நண்டு கூடக் குறையக் கூடாது. அவள் வாய்க்குப் பயந்து மருமகன் அந்தப் பக்கமே போவதில்லை.

திங்கட்கிழமை காலை ஒலீட்டா வேனை எடுத்தாள். பெண்கள் ஏறி, இரண்டாவது வளைவுக்குள் தூங்கிப்போனார்கள். பிறகு ஒரு நாள் போலீஸ் நிறுத்தியது, வேறு ஒருவன். அட்டையை வாங்கினான், பார்த்தான், "நிதானமா சொல்லுங்கம்மா" என்றான். அதற்குள் பின்னாலிருந்து பதினோரு பெண்கள் ஒரே நேரத்தில் பக்கவாதத்தைப் பற்றி அவனுக்கு விளக்க ஆரம்பிக்க, ஒலீட்டா திரும்பி ஒரு பார்வை பார்க்கவேண்டியிருந்தது. அடங்கினார்கள். அவள் பதில் சொன்னாள், தன் வேகத்தில். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

ஊர் திருந்தியதா என்றால், அளவுக்கு மீறித் திருந்தியது. விட்லாக் முனைக்கு எதையும் பாதியில் செய்யத் தெரியாது. இப்போது ஒலீட்டா வாயைத் திறந்தால் போதும், கடையாகட்டும், துறையாகட்டும், எல்லோரும் கையிலுள்ளதைப் போட்டுவிட்டு நிற்கிறார்கள். யார் நடுவில் பேசினாலும் ஐடெல், "ஷ்ஷ், காத்திரு!" என்று அதட்டுகிறாள். அந்த அதட்டல்தான் வார்த்தைகளை விரட்டுகிறது என்று ஹார்லன் நாலு தடவை சொல்லியாயிற்று.

இந்த வருட அறுவடை விருந்தில், சிப்பி வறுவலைப் பரிமாறிய போதகரின் மனைவி ஒலீட்டாவிடம், "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டார். ஒலீட்டா பதில் சொல்லவில்லை. மேசை அடங்கியது. பக்கத்து மேசை அடங்கியது. கரண்டிகள் நின்றன. ஐடெல் கையை உயர்த்திக் கூடத்தையே நிறுத்தினாள். போதகர் தலைகுனிந்தார். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு, மரியாதையோடு, அன்போடு, ஒலீட்டாவின் வாயையே பார்த்தது.

அவள் வாய் நிறையச் சிப்பி இருந்தது. மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தாள்.

"வைங்க," என்றாள்.

"ஆமென்!" என்றாள் ஐடெல்.